வட்டத்தொட்டி: நண்பர் உரையாடலும் கவிதைத் திறனாய்வும்

மாணாக்கன் கல்வி பெறும் வழியைக் கூறவந்த பவணந்தி முனிவர், அதனைக் கூறுபடுத்தி ஒரு கணக்காகவே தந்தனர். ஆசிரியன் உரைத்ததை எத்துணைச் செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிடைப்பது காற்கூறேயாம். உடன் பயில்வாரோடு கூடிப் பேசுவதனால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறும் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். நன்னூற் பொதுப்பாயிரத்திலே பாடங்கேட்டலின் வரலாறு கூறும் பகுதியில் வரும் இக்கணக்கை மனப்பாடஞ் செய்தோர் பலர். அதன் உட்பொருளை எண்ணிப் பார்த்தோர் சிலர். கல்வியின் முக்காற்பங்கு பேச்சினால் விளைவது என்பதே அவ்வுட்பொருள். ஆசிரியனுக்கு உரிய பங்கும் நண்பர்க்கு உரிய பங்கும் ஒத்த அளவின என்பதும் அதனுள் அடங்கும்.

இலக்கணங் கற்பார்க்குக் கூறப்பட்ட இவ்விதி கவிதையை நுகர்வார்க்கு இன்னும் பொருந்தும். ஒரு பாடலைத் தனித்திருந்து படிப்பவன் அதன் பொருளை அறிவான். அப்பாடலைத் தன்னை ஒத்த ஒருவனிடம் சொல்லிக் காட்டுபவனோ, தான் அறிந்தது எவ்வளவு, அறியாதது எவ்வளவு என்பதையும் அறிவான். எனினும் ஒரு வினா எழுகின்றது. நண்பர் சிலர் மாலைப்பொழுதிற் கூடிப் பாட்டையும் நூலையும் கலையையும் பற்றி மனம்போனவாறு பேசுவது வெறும் பொழுதுபோக்கா, அன்றித் திறனாய்வு என்னும் பெயருக்கு உரியதா? உரியதாயின், அதன் ஆணை எவ்வெல்லை வரை செல்லும்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு இருபதாம் நூற்றாண்டுத் தமிழிலக்கிய வரலாற்றில் உண்டு. அதுவே திருநெல்வேலி வட்டத்தொட்டி.

இரசிகமணி எனப் போற்றப்பட்ட டி. கே. சிதம்பரநாத முதலியார் 1882ஆம் ஆண்டிற் பிறந்து 1954ஆம் ஆண்டிலே குற்றாலத்தில் மறைந்தவர். சட்டம் பயின்றவர், சென்னைச் சட்டசபையிலும் அறநிலைய ஆட்சியிலும் பணியாற்றியவர். ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியவை அப்பதவிகள் அல்ல. தாமிரபரணிக் கரையிலே, வண்ணார்பேட்டையில் இருந்த அவரது இல்லத்தின் தொட்டிக்கட்டு முற்றத்தில் 1920களிலிருந்து நண்பர்கள் கூடி வட்டமாக அமர்ந்து பேசினர். அக்கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்னும் பெயர் வழங்கிற்று. பிற்காலத்தில் அவர் குற்றாலத்திலே வாழ்ந்தபோது, சாரற்காலத்தில் அருவியாட வந்தவர்கள் அவருடைய விருந்தையும் பேச்சையும் ஒருங்கே நாடி வந்தனர்.

அவரைச் சூழ்ந்தோர் ஒரு தொழிலினரும் அல்லர். ஒரு கல்வியினரும் அல்லர். ஆங்கில இலக்கியம் கற்பித்த பேராசிரியர் அ. சீநிவாசராகவன், அரசாங்க உத்தியோகத்தில் இருந்த தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதித்துறையில் உயர்பதவி வகித்த எஸ். மகராஜன், கதைகளும் கட்டுரைகளும் எழுதிய மீ. ப. சோமு, வித்துவான் ல. சண்முகசுந்தரம் ஆகியோர் அவ்வட்டத்தைச் சேர்ந்தவர்கள். இராஜாஜியும் கல்கியும் அவருடைய நெருங்கிய நண்பர்கள். இவர்களுள் மரபுவழித் தமிழ்ப் புலமையைத் தொழிலாகக் கொண்டோர் சிலரே. ஏனையோர் அலுவல் முடிந்தபின் தமிழைத் தேடி வந்தவர்கள். இதனை மனத்திற் கொண்டாலன்றி அம்முற்றத்தில் நிகழ்ந்ததன் பயன் விளங்காது.

அக்காலத்துத் தமிழ்க் கல்வி இருந்த நிலையையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். புலவர் மரபிலே பாடல், பதம் பிரித்தற்கும் பொருள்கோள் காட்டுதற்கும் இலக்கணக் குறிப்பு வரைதற்கும் உரிய இடமாயிற்று. ஆங்கிலக் கல்லூரிகளிலோ தமிழ் ஒரு சிறுபாடமாய் ஒதுங்கியிருந்தது. ஷேக்ஸ்பியரையும் வேர்ட்ஸ்வேர்த்தையும் வகுப்பிலே சுவைத்த பட்டதாரி ஒருவன், தன் தாய்மொழியிலும் அவ்வாறு சுவைத்தற்கு உரியது உண்டென்பதை அறியாமலே வெளியேறினான். பண்டிதரிடம் நூல் இருந்தது. சுவைக்கும் வழக்கம் அருகியிருந்தது. பட்டதாரியிடம் சுவைக்கும் வழக்கம் இருந்தது, நூல் இல்லை. இவ்விரு கரைக்கும் இடையே பாலம் அமைத்தது டி. கே. சி.யின் பேச்சு.

பாலம் அமைந்த முறை எளியது. பாடலைப் பொருள் சொல்லித் தொடங்காது, அது பிறந்த சந்தர்ப்பத்தைச் சொல்லித் தொடங்குவது அவர் வழக்கம். பேசுவோன் யார், கேட்போன் யார், அவர்கள் நிற்கும் இடம் எது, அதற்குமுன் நிகழ்ந்தது யாது என்பவற்றைக் கதைபோல விரித்து, கேட்போர் உள்ளத்திலே ஓர் எதிர்பார்ப்பை எழுப்பியபின், பாடலை வாய்விட்டுச் சொல்லுவார். சொல்லும்போது நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவார். மடக்க வேண்டிய அடியை மடக்குவார். உரை என்பது அதன்பின் பெரும்பாலும் வேண்டப்படாததாகும். கவிதைக்கு உருவம் உண்டு, அவ்வுருவம் ஒலியிலும் நடையிலும் உள்ளது, அதனைச் செவியே முதலில் உணரும் என்பது அவரது கொள்கை. நூலிலே வரைந்த உரைகளையும் அவர் பேச்சு நடையிலேயே எழுதினார். அவற்றைப் படிப்போர்க்கு இன்றும் எதிரே இருந்து ஒருவர் பேசுவது போலவே தோன்றும்.

இவ்வகைப் பேச்சு எதனைச் செய்யவல்லது என்பதைக் கம்பராமாயணத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். இது வட்டத்தொட்டியிற் பேசப்பட்டதெனக் கூறுதற்கன்று. அத்தகைய பேச்சின் இயல்பை விளக்குதற்கே இங்குக் காட்டப்படுகின்றது. காடு செல்லுமாறு கைகேயி கூறக் கேட்ட கணத்தில் இராமனுடைய முகம் எவ்வாறிருந்தது என்பதை அயோத்தியா காண்டத்திலே கூறும் கம்பர், அப்பொழுது மலர்ந்த தாமரையையும் அது வென்றது என்கிறார். பின்னர்ச் சுந்தர காண்டத்திலே, அசோகவனத்திற் சிறையிருக்கும் சீதை அதே முகத்தை நினைக்கின்றாள். அரசை ஏற்றுக்கொள் என்றபோதும் அதனைத் துறந்து செல் என்றபோதும் ஒரு தன்மையதாய் இருந்த அம்முகம், அவள் நினைவிலே ஓவியத்தில் எழுதிய தாமரையை ஒத்திருக்கின்றது.

குறிப்புரை எழுதுவோன் இரண்டிடத்தும் உவமை தாமரை என்று எழுதி அமைவான். நண்பர் கூட்டத்திலோ ஒருவர் தடை எழுப்புவார்: ‘கேட்டபொழுது தாமரையை வென்றது என்றால் முகம் முன்னையினும் பொலிந்தது என்பதே பொருள், அஃது ஒரு மாற்றமன்றோ? மாறாத முகம் என்பது எங்ஙனம் பொருந்தும்?’ மற்றொருவர் சீதையின் நினைவை எடுத்துக்காட்டுவார். உயிர்த்தாமரை காலையில் மலர்ந்து மாலையிற் குவியும். ஓவியத் தாமரைக்கு மலர்தலும் இல்லை, குவிதலும் இல்லை. அவ்விடத்து நின்று கண்டு சொல்லும் கவிக்கு அக்கணத்தின் பொலிவு வேண்டியிருந்தது. கணவனைப் பிரிந்து நாள் எண்ணும் மனைவிக்கோ மாறாத ஒன்று வேண்டியிருந்தது. பற்றிக்கொண்டு உயிர் தாங்குதற்கு வாடாத மலரே தக்கது. உவமை மாறியதற்குக் காரணம் பேசுவோர் மாறியமையே என்பது அப்போது புலனாகும். இம்முடிவுக்கு வழிதிறந்தது முதலாமவர் எழுப்பிய தடை. அது பிழையான தடையாகவே இருக்கலாம். எனினும் அது எழுந்திராவிடின் இரண்டாம் பாடலின் ஆழம் வெளிப்பட்டிராது. நண்பர் உரையாடலின் முதற்பயன் இதுவே. தனித்திருந்து எழுதுவோன் தன் பிழைகளை அடித்துவிடுகிறான். கூடியிருந்து பேசுவோர்க்குப் பிழையும் படியாகின்றது.

அம்முற்றத்துப் பேச்சின் விளைவுகள் முற்றத்தோடு நின்றுவிடவில்லை. நாகர்கோவிலை அடுத்து அமைதியாக வாழ்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களை எடுத்துரைத்துத் தமிழுலகுக்கு அறிமுகப்படுத்தியோருள் டி. கே. சி. முதன்மையானவர். 1939ஆம் ஆண்டு காரைக்குடியிலே சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்துக்கு அவர் ஊக்கமளித்து முன்னின்றார். 1940களில் எழுந்த தமிழிசை இயக்கத்திலே கல்கியோடு அவரும் குரல்கொடுத்தார். பொருள் விளங்காத பாட்டைக் கேட்டுத் தலையசைப்பது சுவையாகாது என்பது அவர் கவிதைக் கொள்கையிலிருந்து நேரே விளைந்த முடிவாகும். மகராஜன் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழாக்கினார். கம்பரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். பாஸ்கரத் தொண்டைமான் சிற்பங்களிலே ஈடுபட்டு, கோயில் கோயிலாகச் சென்று ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்னும் தொடரை எழுதினார். 1951இல் தஞ்சை அரண்மனையிலே கலைக்கூடம் அமைந்து, கேட்பாரற்றுக் கிடந்த படிமங்கள் பல அங்குச் சேர்ந்ததில் அவருக்குப் பங்குண்டு. பாட்டைப் பற்றிப் பேசப் பழகிய கண், கல்லையும் செம்பையும் காணப் பழகிற்று. கவிதைக்கும் இசைக்கும் சிற்பத்துக்கும் உருவம் பொது என்னும் கொள்கை, ஒருவர் வாழ்க்கையிலே செயலாக மலர்ந்தமைக்கு இது சான்று.

இத்துணைப் பயன் விளைத்த பேச்சின் குறை யாது? அதனை ஆராயப் புகுமுன், அவர் முழுவெற்றி கண்ட இடத்தை முதலிற் காணல் வேண்டும். அது முத்தொள்ளாயிரம். சேர சோழ பாண்டியர் மூவரையும் பாடிய அந்நூலில் இன்று எஞ்சியிருப்பவை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்களே. ஒவ்வொன்றும் தன்னளவில் முடிந்தது. முன்பாட்டையோ பின்பாட்டையோ வேண்டாதது. அரசன் வீதியில் உலா வருகின்றான். தாய் கதவை மூடுகின்றாள், மகள் திறக்கின்றாள், மீண்டும் தாய், மீண்டும் மகள். இவ்வாறு ஓயாமல் நடந்ததனாற் கதவின் குடுமியே தேய்ந்துபோயிற்று என்கிறது ஒரு பாடல். நான்கடிக்குள் ஒரு வீதி, ஒரு வீடு, இரு தலைமுறையினரின் போர் யாவும் அடங்கிவிடுகின்றன. இத்தகைய பாடலுக்கு வேண்டுவது அகராதியன்று. அவ்வீதியைக் கண்முன் கொணரும் ஒரு குரல். டி. கே. சி. எழுதிய முத்தொள்ளாயிர விளக்கம் அக்குரலை அச்சிலே பிடித்து வைத்திருக்கின்றது. பலருக்கு அந்நூல் உயிர்பெற்றது அவராலேயே.

கம்பர் திறத்தில் நிகழ்ந்தது வேறு. கம்பராமாயணத்திலே இடைச்செருகல் உண்டென்பது யாவரும் ஒப்புவது. வெள்ளி என்பார் பெயரால் வழங்கும் பாடல்களைப் பற்றிய கதையும் மரபிலே உண்டு. சுவடிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்களும் மிகைப்பாடல்களைத் தனியே பிரித்துக் காட்டினர். ஆகவே ஐயுற்றமை டி. கே. சி.யின் குற்றமன்று. ஐயத்தைத் தீர்த்துக்கொண்ட முறையே குற்றமாயிற்று. தம் செவிக்கு இசையாத பாடல்களைக் கம்பருடையன அல்ல என்று பெருந்தொகையாகத் தள்ளினார். கொண்ட பாடல்களிலும் சொற்களையும் தொடர்களையும் மாற்றினார். ‘கம்பர் தரும் இராமாயணம்’ என அவர் வெளியிட்ட பகுதிகளிலே கம்பர் எங்கே முடிகின்றார், பதிப்பித்தவர் எங்கே தொடங்குகின்றார் என்பது படிப்போனுக்கு எளிதில் விளங்குவதில்லை.

அவர் காலத்திலேயே, அவருடைய திருநெல்வேலிச் சீமையிலேயே தோன்றி, அவரைப்போலவே சட்டம் பயின்ற மற்றொருவரை ஈண்டு அருகே நிறுத்திப் பார்க்கலாம். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராயிருந்த எஸ். வையாபுரிப்பிள்ளை ஏட்டுச்சுவடிகளோடு வாழ்ந்தவர். ஒரு சொல்லை ஏற்பதாயினும் விலக்குவதாயினும் சுவடி என்ன கூறுகின்றது என்று முதலிற் கேட்பார். அவருக்குச் சான்று ஏடு, டி. கே. சி.க்குச் சான்று செவி. ஆயினும் வரலாற்றிலே ஒரு விந்தை உண்டு. முத்தொள்ளாயிரப் பாடல்கள் தனிநூற் சுவடியாகக் கிடைத்தவை அல்ல. புறத்திரட்டு என்னும் பழைய தொகைநூல் அவற்றை எடுத்தாண்டமையாலேயே பிழைத்தவை. அப்புறத்திரட்டை 1938இல் ஆராய்ந்து பதிப்பித்தவர் வையாபுரிப்பிள்ளை. யாரோ ஒரு தொகுப்பாளன் தன் செவிக்கு ஒவ்வாதனவற்றைத் திருத்தாமல் உள்ளவாறே எழுதிவைத்தான், பின்வந்தோர் உள்ளவாறே பெயர்த்தெழுதினர், அதனாலேயே டி. கே. சி. சுவைப்பதற்கு முத்தொள்ளாயிரம் எஞ்சியது. செவி நுகர்வதற்கு ஏடு காத்துத் தரவேண்டியிருக்கின்றது. ஐயுறுதல் செவியின் உரிமை. துணிதல் ஏட்டின் கடமை. இவ்வெல்லையை மீறியமையே வட்டத்தொட்டியின் பெரும்பிழை எனலாம்.

இப்பிழை ஒருவருடைய பிடிவாதத்தால் மட்டும் நேர்ந்ததன்று. உரையாடல் என்னும் வடிவத்துக்குள்ளேயே அதற்கு வித்து இருந்தது. நண்பர் கூடிய மாலையொன்றிலே எடுத்துப் பேசத்தக்கது தனிப்பாடல். அதனை ஒரு மூச்சிற் சொல்லலாம், மீண்டும் சொல்லலாம், கேட்டோர் உடனே வியக்கலாம். காப்பியமோ அவ்வாறு கைக்குள் அடங்குவதன்று. அதனைப் பேச்சிற்கு எடுப்போர் பாடல் பாடலாகவே எடுக்க வேண்டும். எடுக்குந்தோறும் சிறந்ததையே எடுப்பர். இவ்வாறு பன்னாட் பழகியபின், எல்லாப் பாடலும் எடுத்துச் சொல்லத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் தானே உண்டாகும். அங்ஙனம் இல்லாதது கம்பருடையதன்று என்பது அடுத்த படி.

காப்பியத்தின் இயல்பு இதற்கு மாறானது. மந்தரை கைகேயியின் மனத்தைத் திரிக்கும் பகுதியை நோக்கினால் இது தெளிவாகும். இராமனுக்கு முடிசூட்டு என்னும் செய்தி கேட்ட கைகேயி மகிழ்ந்து, செய்தி கொணர்ந்த மந்தரைக்கு மணிமாலை பரிசளிக்கின்றாள்; மந்தரை அதனை எறிகின்றாள். அங்கிருந்து கைகேயி படிப்படியாக மாறுகின்றாள். ஒரு சொல் தைக்கவில்லை. அடுத்த சொல் சற்றே தைக்கின்றது. பின்னொன்று ஆழ இறங்குகின்றது. இடையிலுள்ள பாடல்களிற் சில, தனியே எடுத்து முற்றத்திலே சொல்லிக் காட்டினால் எவரையும் வியக்கச் செய்யா. ஆனால் அவற்றை நீக்கிவிட்டால், அன்புள்ள தாயொருத்தி ஒரு நொடியிற் கொடியவளாயினாள் என்றாகும். கம்பர் கண்ட கைகேயி மறைந்துபோவாள். மலைக்குச் சிகரம் வேண்டும் என்பது உண்மையே. சிகரத்தைத் தாங்கும் சரிவுகளை வெட்டி எறிந்தால் சிகரமும் நில்லாது. முத்தொள்ளாயிரத்திலே வென்ற அதே முறை கம்பரிடத்துத் தோற்றமைக்குக் காரணம் இதுவே. கருவி மாறவில்லை, கருவிக்கு எட்டாத பொருள் எதிர்ப்பட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. நண்பர் உரையாடல் வளம்பெறுவது நட்பினால், தடுமாறுவதும் நட்பினாலேயே. ஒப்புநோக்குதற்கு ஆங்கில இலக்கிய வரலாற்றிற் புகழ்பெற்ற கூட்டமொன்றை எண்ணலாம். சாமுவேல் யோன்சனும் ஓவியர் ரெனோல்ட்சும் 1764இல் இலண்டனிலே தொடங்கிய சங்கத்திற் பேர்க்கும் கோல்ட்சிமித்தும் இருந்தனர். அங்கும் நடுநாயகம் ஒருவரே. ஆயினும் பேர்க் எதிரே அமர்ந்தாற் தம் ஆற்றல் முழுவதும் வேண்டியிருக்கும் என்பதை யோன்சனே உணர்ந்திருந்தார். 1773இல் அச்சங்கத்திற் சேர்ந்த பொசுவெல், யோன்சனுடைய வெற்றிகளோடு அவருடைய பிடிவாதங்களையும், பிறர் கூறிய மறுப்புகளையும் குறித்துவைத்து, 1791இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலே சேர்த்தார். ஆதலின் யோன்சனுடைய முடிவுகளை மறுப்போனுக்கும் வேண்டிய சான்று அந்நூலிலேயே கிடைக்கின்றது. வட்டத்தொட்டியைப் பற்றி எஞ்சியிருப்பவை டி. கே. சி. எழுதிய இனிய கடிதங்களும் நண்பர் அன்போடு எழுதிய நினைவுரைகளுமே. அவற்றிலே ஒளிரும் முகம் ஒன்று. சூழ்ந்திருப்பவை வியக்கும் முகங்கள். மறுத்துரைத்த குரல் அவற்றில் அரிதாகவே கேட்கின்றது. அன்பினால் தலையசைத்தல் வேறு. ஆராய்ந்து உடன்படுதல் வேறு. பத்து நண்பர் ஒருங்கே வியந்தமை பாடலின் இனிமைக்குச் சான்றாகலாம். பாடத்தின் மெய்ம்மைக்குச் சான்றாகாது.

தமிழ் மரபு இவ்வேறுபாட்டை அறியாததன்று. இறையனார் அகப்பொருளுக்கு உரை கண்ட வரலாறு அதனைக் குறிப்பாக உணர்த்துகின்றது. சங்கத்தார் பலரும் உரை செய்து, எவ்வுரை மெய்யுரை என்று மாறுபட்டபோது, தமக்குள்ளேயே பெரும்பான்மை கண்டு முடிவுசெய்தாரல்லர். ஐந்தாண்டு நிரம்பிய, வாய்பேசாத உருத்திரசன்மனை நடுவிருத்தி உரைகளைப் படித்தனர். மருதனிளநாகனார் உரைக்குச் சிலவிடத்துக் கண்ணீர் வார்த்த அப்பிள்ளை, நக்கீரனார் உரைக்குப் பதந்தோறும் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்ப்ப இருந்தான் என்பது கதை. கதையில் இரண்டு உண்மைகள் பொதிந்துள்ளன. உரையின் தகுதியை அறிவது கேட்கும் உள்ளத்தின் நெகிழ்ச்சி என்பது ஒன்று, அது டி. கே. சி. கொள்கையோடு முற்றும் ஒக்கும். நெகிழும் அவ்வுள்ளம் எவர்க்கும் நண்பனல்லாத நடுவனுடையதாய் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. அதனை வட்டத்தொட்டி மறந்தது.

ஈழத்திலே 1960களிலும் 1970களிலும் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலியோரால் வளர்ந்த திறனாய்வு, இலக்கியத்தை அது தோன்றிய சமுதாயத்தோடும் வரலாற்றோடும் பொருத்தி நோக்கியது. தனிமனித இரசனையை மாத்திரம் அளவுகோலாகக் கொள்வதை அது ஏற்கவில்லை. அம்மறுப்பு வேண்டியதே. சுவைத்தோர் யாவர், சுவைத்தற்கு வேண்டிய ஓய்வு அவர்க்கு எங்கிருந்து வந்தது, முற்றத்துக்கு வெளியே நின்றோர் யாவர் என்னும் வினாக்களை வட்டத்தொட்டி தன்னிடம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆயினும் ஒன்று கூறுதல் வேண்டும். பாட்டைச் செவியாற் கேட்டறியாதவன் அதன் சமுதாயப் பின்னணியை எத்துணை விரிவாக எழுதினாலும், அவன் எழுதுவது பாட்டைப் பற்றியதாகாது. பாட்டின் அயலைப் பற்றியதாகவே முடியும். நுகர்ச்சி திறனாய்வின் முடிவன்று. ஆனால் அதுவே தொடக்கம். தொடக்கம் இன்றி முடிவுக்கு வந்தோர் பெருகியுள்ள காலத்தில் டி. கே. சி.யின் தேவை குறையவில்லை.

இக்குறை பிற இடங்களிலும் பார்க்கப் பாடசாலைகளிலே மிகுதியாகத் தோன்றுகின்றது. பரீட்சைக்குரிய செய்யுட்பகுதியை மாணவர் முதலிற் காண்பது குறிப்புப் புத்தகத்திலே. பாடலுக்குமுன் பொழிப்பு வருகின்றது. பொழிப்புக்குமுன் கடந்தகால வினாக்கள் வருகின்றன. செய்யுளை ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொல்லாமலே அதன் அணிநயங்களை நிரல்பட எழுதித் திறமைச்சித்தி பெறுதல் கூடும். அவ்வாறு பெற்றவன் பாடசாலையை விட்டபின் கவிதை நூலொன்றைத் தானே விரும்பி எடுப்பான் என்பது ஐயமே. பவணந்தியார் கணக்கின்படி அவனுக்கு வந்துசேர்ந்தது ஒரு காற்கூறு. அதுவும் ஆசிரியன் வாயிலிருந்தன்றி அச்சுத்தாளிலிருந்து வந்தது.

இதற்கு மாற்று, பெருஞ்செலவோ புதிய பாடத்திட்டமோ அன்று. நான்கைந்து மாணவர் வாரத்தில் ஒரு மாலை மரநிழலிலே கூடி, ஒருவர் ஒரு பாட்டைச் சொல்ல, மற்றையோர் கேட்டுப் பேசுவதே போதும். ஆனால் வட்டத்தொட்டியின் நிறையோடு அதன் குறையும் கற்பித்த பாடங்களை அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும். பாட்டை முதலிற் செவியாற் கேட்க. பொழிப்பைப் பின்னர்ப் பார்க்க. நல்ல பதிப்பொன்று கூட்டத்தின் நடுவே இருக்க. ஒரு சொல் பிழையெனத் தோன்றினால் அதனைத் திருத்தாது, ஐயம் என்று குறித்து வைக்க. தனிப்பாடல்களோடு அமையாது, ஒரு படலத்தையேனும் தொடக்கம் முதல் இறுதிவரை தொடர்ந்து படிக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, உடன்படாத நண்பன் ஒருவனை அக்கூட்டத்திலே போற்றி வைத்துக்கொள்க. பாட்டைச் சொல்லிக் காட்டிய டி. கே. சி.யைப் போல ஒருவரும், சுவடி என்ன கூறுகின்றது என்று கேட்ட வையாபுரிப்பிள்ளையைப் போல ஒருவரும் ஒரே முற்றத்தில் எதிரெதிரே அமர்ந்திருப்பாராயின், கம்பருக்கு அதனினும் சிறந்த சபை வேறொன்று வாய்த்திராது.